மே முப்பத்தொன்றில் பிறந்தவர்கள்

செவ்வாய்க்கிழமை காலை தபால்காரர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்ட அதே நிமிடத்தில், காரைமேடு ஆரம்பப் பள்ளியில் முப்பத்தாறு பிள்ளைகள் காணாமல் போனார்கள்.

அவர்களில் ஒருவரும் இடத்தை விட்டு அசையவில்லை. பாதிப் பேர் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் கத்துவதுபோல வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் உத்திராபதி மட்டும் தபாலில் வந்த தாளைப் பிடித்தபடி வேர்த்து நின்றார்.

தாள், பெரம்பலூர் மாவட்ட மாணவர் தகவல் மையத்திலிருந்து வந்திருந்தது. காரைமேடு பள்ளியின் மொத்த மாணவர்கள் பத்து என்றது. வகுப்புக்கு ஓர் ஆண், ஒரு பெண். இருபதுக்குக் கீழே போனால் ஓர் ஆசிரியர் போதும் என்பது மையத்தின் விதி. ஆகவே இரண்டாவது ஆசிரியை சத்யப்பிரியா உபரி. மாத இறுதிக்குள் அவர் மீன்சுருட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் போய்ச் சேர வேண்டும்.

காரைமேடு, வேப்பந்தட்டைக்கு மேற்கே மலையை ஒட்டிக் கிடக்கிறது. மீன்சுருட்டி மாவட்டத்தின் மறு கோடி. பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும்.

"டீச்சர், நம்ம பள்ளிக்கூடத்துல எத்தன புள்ளைங்க?" என்றார் உத்திராபதி, தன் கண்ணையே நம்பாதவராக.

"நாப்பத்தாறு சார். ஒருத்தன் கொல்லைக்குப் போயிருக்கான், அவனையும் சேர்த்து."

"இவங்க பத்துங்கறாங்க."

சத்யப்பிரியா தாளை வாங்கிப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். பிறகு, "அப்ப மிச்சப் பேருக்கு இன்னிக்கு மதியம் முட்டை கிடையாதா சார்?" என்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான் பேசுவாள்.

உத்திராபதி வேர்த்து நின்றதற்குக் காரணம் இருந்தது. சத்யப்பிரியா வருவதற்கு முன் ஐந்து வகுப்பையும் ஒற்றை ஆளாக மேய்த்தவர் அவர். ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினால் ஒன்றாம் வகுப்பு வேலிக்கு வெளியே ஓணான் அடிக்கும். ஒன்றாம் வகுப்பைப் பிடித்து உட்கார வைத்தால் நான்காம் வகுப்பில் ஒருவன் மண்டை உடையும். அவள் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ரோட்டில் போகும் பஸ்ஸின் பலகையை எழுத்துக்கூட்டாமல் படிக்கின்றன. பஸ் எங்கே போகிறது என்று பெரியவர்கள் அவர்களைக் கேட்டுவிட்டு ஏறுகிறார்கள். அவள் போனால் மறுபடியும் ஓணான்தான்.

மறுநாளே அவர் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினார்.

தகவல் மையத்துக்குள் செருப்போடு போகக் கூடாது. கம்ப்யூட்டருக்குத் தூசு ஆகாது. ஒவ்வொரு கம்ப்யூட்டர் நெற்றியிலும் சந்தனம், குங்குமம் இருந்தது. சுவரில் 'தகவல் பெருகட்டும், தரம் உயரட்டும்' என்று ஒரு பலகை. அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்து போய், மறுபடி பெரம்பலூரோடே வந்து சேர்ந்த குழப்பத்தில், இரண்டு மாவட்டத்துக்கும் வாங்கிய ஏ.சி. மெஷின்கள் ஒரே அறையில் மாட்டப்பட்டிருந்தன. உத்திராபதிக்குப் பல் தந்தியடித்தது.

ஆபரேட்டர் காமில் மட்டும் குரங்குக் குல்லா போட்டுத் தயாராக இருந்தார். லப்பைக்குடிகாட்டுக்காரர். ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் எட்டு வருடம் கணக்கெழுதிவிட்டுத் திரும்பியவர்.

"காரைமேடா? வாங்க சார், உக்காருங்க. உங்க பசங்க எல்லாரும் மே முப்பத்தொன்னாம் தேதி பொறந்திருக்காங்களே, அன்னிக்கு ஊர்ல என்ன விசேஷம்?"

உத்திராபதி விளக்கினார். பள்ளிக்கூடம் ஜூன் ஒன்றாம் தேதி திறக்கும். பெற்றோர் பிள்ளையைக் கூட்டி வருவார்கள். பிறந்த தேதி கேட்டால், "நீங்களே பாத்துப் போட்டுக்குங்க சார்" என்பார்கள். அவர் பிள்ளையை நிறுத்தி, வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்லுவார். தொட்டுவிட்டால் ஐந்து வயது நிறைந்துவிட்டது என்று அர்த்தம். எப்போது நிறைந்தது? நேற்று. நேற்று மே முப்பத்தொன்று.

"எனக்கு முன்னாடி இருந்த ஹெட்மாஸ்டரும் அப்படித்தாங்க எழுதுனாரு. எனக்கே மே முப்பத்தொன்னுதாங்க."

காமில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "யா அல்லாஹ்! சார், இந்த சாஃப்ட்வேரு இருக்கே, ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, ஒரே தேதி, ரெண்டு ஆம்பளப் புள்ளன்னா, ஒருத்தன் போலின்னு அழிச்சுப்புடும். பொம்பளப் புள்ளைக்கும் அதே கதைதான்."

"பேரு வேற வேறயா இருக்கேங்க!"

"பேர அது பாக்காது சார். ஷார்ஜாவுல ஒட்டகத்துக்குக்கூடத் தனித்தனி நம்பரு. நான் சொல்லிப் பாத்துட்டேன். நீங்க உள்ள போயி அவருகிட்ட கேளுங்க."

அவர் என்பது மைய இயக்குநர் வைத்திலிங்கம். மேஜையில் கண்ணாடிக்கு அடியில் மாவட்டம் முழுவதும் பள்ளிக்கொரு புள்ளியாகப் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகப் படுத்திருந்தது. உத்திராபதி சொன்னதை அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பேசினார்.

"ஹெச்.எம்., பேருங்கறது என்ன? வீட்டுல ஒன்னு கூப்பிடறான், ரேஷன் கார்டுல ஒன்னு இருக்கு, நீங்க ஒன்னு எழுதறீங்க. பேர நம்பி ஒரு மாவட்டத்தை முன்னேத்த முடியுமா? தேதிதான் அறிவியல். ஒரே மாசத்துல இந்த மாவட்டத்துல எத்தனை ஆயிரம் போலி மாணவர்கள ஒழிச்சிருக்கோம் தெரியுமா? பிள்ளைங்க கொறஞ்சதுல ஒரு பிள்ளைக்கு எத்தனை குடிநீர்க் குழாய்ங்கற விகிதம் எங்கயோ போயிடுச்சு. ஒரு புதுக் குழாய்கூடப் போடல. இதுதான் தகவலோட சக்தி!"

"சார், புள்ளைங்க நிஜமா இருக்காங்க சார். ஒரு தடவ வந்து பாத்தீங்கன்னா..."

வைத்திலிங்கம் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"பாக்கறதா? இந்தப் பதவிக்கு வந்ததுலேருந்து நான் ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ள காலெடுத்து வச்சதில்ல. வச்சா பாரபட்சம் வந்துடும். அழுவற பிள்ளையப் பாத்தா பாவமா இருக்கும், சிரிக்கற பிள்ளையப் பாத்தா மார்க் போடத் தோணும். தகவல் சுத்தமா இருக்கணும்னா பிள்ளைகளப் பாக்கவே கூடாது."

"அப்ப திருத்த மனு குடுக்கறேனுங்க."

"தாராளமா. எந்த மாணவருக்குத் திருத்தமோ அவரோட பதிவு எண்ணை எழுதுங்க."

"அழிச்சவங்களுக்குப் பதிவு எண் இல்லீங்களே!"

"இல்லாத மாணவருக்குத் திருத்தம் எதுக்கு?"

உத்திராபதிக்கு அந்தக் கேள்வியில் தப்புக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. ஏ.சி. காற்றில் மூளை உறைந்திருக்கலாம். வாசல் வரை போய்விட்டு, பிள்ளைகள் நினைவு வந்து திரும்பி வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நகர மறுத்தார். அரை மணி நேரம் கழித்து வைத்திலிங்கம் இறங்கி வந்தார்.

"சரி. வயசுக்கு என்ன ஆதாரம் வச்சிருக்கீங்க?"

"காதத் தொடச் சொல்லிப் பாத்தோமுங்க."

"அதை அறிவியல் பூர்வமா மறுபடி செஞ்சு காட்டினா, பதிவு பண்ணிக்கறோம்."

அடுத்த திங்களன்று இரண்டு ஜீப்புகள் காரைமேட்டுக்கு வந்தன. முதல் ஜீப்பிலிருந்து அளவு நாடா, பலகை, கேமரா சகிதம் ஆய்வுக் குழு இறங்கியது. இரண்டாவது ஜீப்பில் வைத்திலிங்கம் மலைப்பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். ஒரு பிள்ளையும் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று ஜன்னலில் துண்டு தொங்கவிட்டிருந்தார்கள்.

சின்ன வெங்காயம் பிடுங்கும் நாள். காட்டில் வேலையாக இருந்தவர்கள் ஜீப்பைப் பார்த்துவிட்டுக் கைமண்ணோடு ஓடி வந்தார்கள். நாற்பத்தாறு பிள்ளைகளும் மைதானத்தில் வரிசையாக நின்று வலக்கையால் இடக்காதைப் பிடித்தார்கள். குழுத் தலைவர் ஒவ்வொருவரிடமும் போய், "தொடுகிறது" என்றார். பக்கத்திலிருந்தவர், "தொடுகிறது" என்று எழுதினார்.

பொன்னாயி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரட்டைப் பிள்ளைகள் மணிமாறனும் மதிமாறனும் ஐந்தாம் வகுப்பு. நிஜமாகவே ஒரே நாளில் பிறந்தவர்கள் அந்தப் பள்ளியில் அவர்கள் இருவர்தான்.

"ஏன் சார், இவனுங்களுக்கு வயசு பத்தாவுது. காத என்னா, கூரை எரவாணத்தையே எட்டித் தொடுறானுங்க. இன்னும் என்னாத்தத் தொடச் சொல்றீங்க?"

"சும்மா இரும்மா. கம்ப்யூட்டர்ல உன் பசங்கள்ல ஒருத்தன்தான் இருக்கான். இன்னொருத்தன் போலி" என்றார் குழுத் தலைவர்.

"எவன் போலி?"

"அது கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்."

"ஆஸ்பத்திரியில ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் வலி எடுத்துச்சு. அத எந்தக் கம்ப்யூட்டர் எடுத்துக்கிச்சு? கேக்கறேன், சொல்லுங்க!"

அளவு நாடா பிடித்தவர் ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அந்த வாரமே முடிவு வந்தது. உத்திராபதி உறையைப் பிரித்தார். காரைமேடு பள்ளியின் மொத்த மாணவர்கள் இரண்டு.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, காமில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார். காதத் தொட்டா அஞ்சு வயசு. உங்க புள்ளைங்க அத்தன பேரும் தொட்டுட்டாங்க. அதனால அத்தன பேருக்கும் வயசு அஞ்சுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அஞ்சு வயசுன்னா கம்ப்யூட்டர் ஒன்னாங்கிளாஸ்லதான் போடும். ஒரே வகுப்பு, ஒரே தேதி. ஒரு பையன், ஒரு பொண்ணு. மிச்சமெல்லாம் போலி."

"ஒருத்தன் மட்டுமாவது தொடாம இருந்திருந்தா?"

"அவனுக்கு அஞ்சு வயசு ஆகலன்னு பள்ளிக்கூடத்த விட்டே தூக்கியிருப்பாங்க சார்."

உத்திராபதி தரையில் உட்கார்ந்துவிட்டார். மையத்தில் தரையில் உட்காரக் கூடாதென்று ஒரு பலகை இருந்தது. காமில் அதைத் திருப்பி மாட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சார், ஒரே வழிதான். ஆளுக்கொரு தேதி குடுங்க. புதுச் சேர்க்கைன்னு ஏத்திடுறேன்."

"பொய் தேதி எழுதச் சொல்றீங்களா?"

"இப்ப எழுதியிருக்கறது மட்டும் மெய்யா சார்?"

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் உத்திராபதி அந்தக் கேள்வியை மென்றுகொண்டே வந்தார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பிள்ளைக்குக்கூட வேண்டுமென்றே தப்பாக ஒரு மார்க் போட்டவரில்லை. காரைமேட்டில் இறங்கியபோது பள்ளியிலிருந்து மூன்றாம் வகுப்பு படிக்கும் சத்தம் ரோடு வரை கேட்டது. அவர் நின்றார். நேராக வகுப்புக்குப் போய், "டீச்சர், சாயங்காலம் எல்லாப் பெத்தவங்களையும் வரச் சொல்லுங்க. பொறந்த நாள் குடுக்கணும்" என்றார்.

ஊரே கூடியது. சத்யப்பிரியா நாட்காட்டியோடு உட்கார்ந்தாள். முதலில் வந்தவர்கள் கேட்ட நாளெல்லாம் தை மாதத்தில் இருந்தது. ஆடியை ஒருவரும் தொடவில்லை. "சார், ஒரு வருசம் கொறச்சே போடுங்க. நாளைக்கு கவருமெண்டு வேலைக்குப் போனா ரிட்டயர்டு ஆவறது தள்ளிப் போவும்ல" என்றார் ஒருவர். அதைக் கேட்டதும் எல்லோரும் அதையே கேட்டார்கள். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு அந்தக் கணக்கில் வயது மூன்றே முக்கால் ஆகிவிட்டது. சத்யப்பிரியா பொறுமையாக அவன் அப்பாவோடு பேரம் பேசி மேலே ஏற்றினாள்.

கடைசியாகப் பொன்னாயி முறை வந்தது.

"ரெண்டு பேருக்கும் ஒரே நாள் போட்டா மறுபடி ஒருத்தன் போயிடுவான்க்கா. தள்ளித்தான் போடணும்" என்றாள் சத்யப்பிரியா.

"எவ்வளவு தள்ளி?"

"ஒரு நாள் தள்ளிப் போட்டா சந்தேகப்படுவாங்களாம். ஆறு மாசமாவது தள்ளுன்னு காமில் சார் சொல்லிவுட்டாரு."

"ஆறு மாசமா! ஊருல என்னப் பத்தி என்ன பேசுவானுங்க?" என்றாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பொன்னாயியும் சிரித்தாள். பிறகு குரல் மாறியது. "எழுதிக்க டீச்சரு. நீ இங்க இருந்தாப் போதும். எம்மவன் நேத்து அவங்கப்பன் அனுப்புன லெட்டர முழுசாப் படிச்சுக் காட்டுனான்."

காமில் சொன்னபடி செய்தார். நாற்பத்தாறு பேரும் கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஒருவரையும் அது துப்பவில்லை. உத்திராபதி அன்று மையத்துக்கு எதிரே இருந்த மலையாளி ஓட்டலில் தானும் டீ குடித்து, காமிலுக்கும் வாங்கிக் கொடுத்தார்.

மாதக் கடைசியில் அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆய்வுக் கூட்டம் நடந்தது. இடமாறுதல் ரத்தாகி உத்தரவு கையில் வரும் என்ற நம்பிக்கையில், உத்திராபதி சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். பள்ளியைப் பூட்ட முடியாதென்பதால் சத்யப்பிரியா வரவில்லை. மேடையில் திரையும், வரைபடமும், ரோஜாப்பூவும் இருந்தன. சதவீதம் என்ற சொல் வரும்போதெல்லாம் கைதட்ட வேண்டும் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள்.

வைத்திலிங்கம் மைக்கைப் பிடித்தார்.

"ஒரு பள்ளி! மலையடிவாரத்துல ஒரு சின்னப் பள்ளி! ரெண்டு வாரத்துக்கு முன்னாடி அங்க ரெண்டே ரெண்டு மாணவர்கள். இன்னிக்கு நாப்பத்தாறு! வளர்ச்சி இரண்டாயிரத்து இருநூறு சதவீதம்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"இதை நான் நேர்ல போய்ப் பாத்துச் சொல்லல. ஜீப்புல அந்த ஊருக்குப் போனேன், ஆனா பாக்கல. திரையில பாத்தேன். சிவப்பா இருந்த புள்ளி பச்சையாச்சு. என் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நாங்க அந்தப் பள்ளிக்கு ஒரு சாக்பீஸ்கூடக் குடுக்கல. தகவல் கேட்டோம், தகவல் கேட்டோம், தகவல் கேட்டுக்கிட்டே இருந்தோம். பள்ளி தானா முன்னேறிடுச்சு! தலைமையாசிரியரே, மேடைக்கு வாங்க. இந்த அதிசயத்துக்கு யார் காரணம்?"

உத்திராபதி மைக் முன்னால் நின்றார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று பட்டது. வைத்திலிங்கத்தின் முகத்தைப் பார்த்து, மண்டபம் அதிரச் சொன்னார்.

"சத்யப்பிரியா டீச்சர்தாங்க காரணம்! அவங்க ஒருத்தருதான்! அதனால அவங்கள..."

கைதட்டல் அவர் குரலை விழுங்கியது. சதவீதம் என்று அவர் சொல்லவே இல்லை, ஆனாலும் தட்டினார்கள். மிச்ச வாக்கியத்தை உத்திராபதி சொல்லி முடிப்பதற்குள், யாரோ அவர் கையில் ரோஜாவைத் திணித்து மறுபக்கப் படி வழியாக இறக்கிவிட்டார்கள்.

உத்தரவு மறுநாள் வந்தது. உபரி ஆசிரியை என்ற பழைய உத்தரவு ரத்து. உத்திராபதி அதுவரை படித்துவிட்டு, "டீச்சர்!" என்று கூவினார். பிறகு அடுத்த வரியைப் படித்தார்.

செல்வி சத்யப்பிரியா மாவட்டத்தின் முன்மாதிரி ஆசிரியையாகத் தேர்வு செய்யப்பட்டுள்ளார். மீன்சுருட்டிப் பக்கம் ஒரு பள்ளி மூன்றே மாணவர்களோடு சிவப்பில் இருக்கிறது. அதை இதே வேகத்தில் உயர்த்த, திங்கள் முதல் அங்கே மாற்றுப்பணியில் செல்ல வேண்டும். பாராட்டுகள்.

உத்திராபதி பெரம்பலூருக்கு ஓடினார். மீன்சுருட்டிப் பிள்ளைகள் எல்லோரும் பிறந்தது மே முப்பத்தொன்றா, ஜூன் ஒன்றா என்று காமிலைக் கேட்கக்கூட நிற்காமல் நேரே உள்ளே போனார்.

"அவங்க போனா எனக்கு வேற ஆளு வேணுமுங்க. நாப்பத்தாறு புள்ளைங்க. உங்க விதிப்படியே ரெண்டு வாத்தியாரு வேணும்."

"இருக்காங்களே!" வைத்திலிங்கம் திரையைத் திருப்பிக் காட்டினார். "காரைமேடு, ஆசிரியர்கள் ரெண்டு. அவங்க உங்க பள்ளிக் கணக்குலதான் இருக்காங்க. வேலை செய்யறது மட்டும் அங்க. காலியிடமே இல்லாம எப்படி ஆள் போடறது?"

"சார், கிளாஸ்ல ஆளு இல்லியே சார்!"

"கிளாஸ்ல இல்ல. தகவல்ல இருக்காங்க. உங்க பள்ளி பச்சையில இருக்கு, ஹெச்.எம். பச்சையில இருக்கறவங்க குறை சொல்லலாமா?" அவர் ஒரு சுற்றறிக்கையை நீட்டினார். "இனிமே கவனமா இருங்க. முன்மாதிரிப் பள்ளியில ஒரு பிள்ளை வரலன்னாலும் காரணம் கேட்டு எழுதி, நேர்ல வந்து விளக்கம் சொல்லணும்."

"நான் நேர்ல வந்தா பள்ளிக்கூடத்த யாரு பாப்பா?"

"சத்யப்பிரியா இருக்காங்களே" என்றார் வைத்திலிங்கம், திரையைப் பார்த்தபடி.

திங்கட்கிழமை காலை சத்யப்பிரியா முதல் பஸ்ஸில் போய்விட்டாள். மூன்றாம் வகுப்பு ரோட்டோரம் நின்று பஸ் பலகையைச் சத்தம் போட்டுப் படித்தது. ஒன்பதரைக்கு ஒன்றாம் வகுப்பு வேலிக்கு வெளியே இருந்தது. பத்து மணிக்கு நான்காம் வகுப்பில் ஒருவனுக்கு நெற்றியில் ரத்தம். உத்திராபதி கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது பொன்னாயி உள்ளே வந்தாள்.

"டீச்சரு எங்க சார்?"

அவர் சொன்னார். மறைக்காமல், முதலிலிருந்து, பச்சைப் புள்ளி வரை சொன்னார். பொன்னாயி கேட்டுக்கொண்டு நின்றாள். இந்த முறை சண்டை போடவில்லை. உத்திராபதி அதற்குத்தான் பயந்தார்.

"அப்ப டீச்சரு கம்ப்யூட்டர்ல இருக்காங்க."

"ஆமா."

"எம்புள்ளைங்களும் அதுலயே இருக்கானுங்கல்ல? ரெண்டு பேரும்?"

"ரெண்டு பேரும் இருக்காங்க."

"அப்பறம் என்னா சார். அவங்க அங்க சொல்லித்தரட்டும், இவனுங்க அங்கயே படிக்கட்டும். எனக்கு வெங்காயம் பிடுங்க ஆளு இல்ல. டேய், வாங்கடா."

மணிமாறனும் மதிமாறனும் பையை எடுத்துக்கொண்டு அம்மா பின்னால் போனார்கள். உத்திராபதி வாசல் வரை வந்தார். கூப்பிட வாயெடுத்தார். கூப்பிட்டு உட்கார வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். மத்தியானத்துக்குள் இன்னும் சில தாய்மார்கள் வந்தார்கள். ஒருத்தியும் அவரிடம் கோபமாகப் பேசவில்லை. சாப்பாட்டு மணிக்கு வகுப்பில் பாதி இடம் தெரிந்தது.

சுற்றறிக்கைப்படி அன்றன்றைய வருகையைத் தகவல் மையத்துக்குப் போனில் சொல்ல வேண்டிய மாலை நேரம். எதிர்முனையில் காமில்.

"காரைமேடு, இன்னிக்கு வருகை எவ்வளவு சார்?"

இன்னும் வீட்டுக்குப் போகாத பிள்ளைகள் நான்கைந்து பேர் வாசலில் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வரவில்லை என்றாலும் நாளைக்குப் பள்ளியைப் பூட்டிவிட்டு விளக்கம் சொல்லப் போக வேண்டும். பூட்டினால் இவர்களும் வெங்காயக் காட்டுக்குத்தான்.

"நூறு சதவீதம்" என்றார் உத்திராபதி.

எதிர்முனையில் யாரோ கை தட்டுவது கேட்டது.